வெறும் கிளிக்

மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் ஸ்கேனரின் மூடியைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டிலிருக்கிற பஞ்சும் தூசியும் வேறு போக்கிடமே இல்லாத மாதிரி நேராக வந்து அந்தக் கண்ணாடி மேல்தான் உட்காரும். அணைத்தால் பாளையங்கோட்டைச் சித்திரை வெயில் முதுகில் வந்து உட்காருகிறது. உட்காரட்டும். இன்றைக்கு எனக்கு வெயிலும் ஒன்றுதான் மழையும் ஒன்றுதான். சாயங்காலத்துக்குள் அம்மாவின் படம் வேண்டுமாம். காந்திமதி காலையிலேயே போன் பண்ணிவிட்டாள். அண்ணனின் மகள், அப்பாவுக்கு ஒன்று என்றால் பறந்துவிடுவாள். "அத்தை, சுவத்துல இருக்க படத்துல பூஞ்சாணம் புடிச்சுட்டு, ஆச்சி கன்னமெல்லாம் வெள்ளை வெள்ளையா இருக்கு. நெகட்டிவ் உங்ககிட்டதான கெடக்கு? அதை ஸ்கேன் பண்ணி அனுப்பிருங்க. அச்சாபீஸ்காரரு சாயங்காலம் வரைக்கும்தான் பொறுப்பேங்காரு." அண்ணன் ஆவுடையப்பனுக்கு எழுபது நிறைகிறது, பீமரத சாந்தி, அதற்கு ஒரு மலர், மலரின் முதல் பக்கத்தில் அம்மா. அம்மா சிரிக்கிற படம். வாழ்நாளில் கேமராவுக்கு முன்னால் அம்மா சிரித்தது அந்த ஒரு தடவைதான். கீழே என்ன போடப்போகிறார்கள் என்பதையும் காந்திமதியே வாசித்துக் காட்டினாள். "எனக்காகச் சிரித்த என் தாய். படம்: தி. ஆவுடையப்பன். நல்லா இருக்கா அத்தை?" நல்லா இருக்கு தாயி என்றேன். நல்லாத்தான் இருக்கிறது, பொய்யாக இருக்கிறது என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை. அந்தப் படத்தை எடுத்தது நான். செண்பகவல்லியாகிய நான், பத்து வயதில், பாவாடை சட்டையோடு நின்று எடுத்தேன். எடுத்தேனா? எடுத்தேன். இந்தச் சேலைப் பெட்டிக்குள் எங்கேயோ அது இருக்கிறது, இன்றைக்குத் தெரிந்துவிடும், அதுதான் பயமாகவும் இருக்கிறது.

பெட்டி என் கல்யாணச் சேலை வந்த அட்டைப்பெட்டி. அம்மா போன பிறகு அவள் சாமான்களைப் பிரித்தபோது அண்ணன் பிரிண்டுகளையெல்லாம் ஆல்பத்தோடு எடுத்துக்கொண்டான், நெகட்டிவ்களை யார் சீந்துவார்கள், நீ வெச்சுக்கோட்டி என்று தள்ளினான். நான் வைத்துக்கொண்டேன். பாச்சை உருண்டை வாசனையும், அதற்கடியில் லேசாகப் புளித்த காடி வாசனையும், பழைய பிலிம் இப்படித்தான் மணக்குமாம். பட்டை பட்டையாக நறுக்கி எண்ணெய்த்தாள் உறைக்குள் போட்டது, உறைகள் கிழிந்து எல்லாம் கலந்துபோய், எந்த ரோல் எந்த வருஷம் என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன். இது முத்து மாமா கல்யாணம், மாப்பிள்ளை முகம் கரி, வேட்டி கரி, தலைமுடி மட்டும் வெள்ளை வெளேரென்று கிழவன் மாதிரி. இது குற்றாலம், அருவி கறுப்பாக விழுகிறது. இது தேர். இது மறுபடியும் தேர். அண்ணன் எத்தனை தேர்தான் எடுத்திருக்கிறான். பக்கத்து அறையிலிருந்து இவர் குரல் வருகிறது, "ஏட்டி, ஃபேனைப் போடேன், வெந்து போனேன்." நான் சொல்கிறேன், "அங்க ஒரு ஃபேன் இருக்குல்லா, அதைப் போட்டுக்கிட்டு அங்கனயே இருங்க." "அங்க இருந்தா என் புகையானை நீ மறந்துருவே." வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த மனிதர். காலமெல்லாம் பூச்சி அரித்த நெல்லைப் படமெடுத்துச் சிலைடு போட்டு ஊர் ஊராகக் காட்டியவர், புகையான், தண்டுத்துளைப்பான், இலைச்சுருட்டுப்புழு. ஸ்கேனர் வாங்கியதே அவற்றுக்காகத்தான். சிலைடு சாது, எடுத்தபடியே கலராக நிற்கும், வைத்தால் வந்துவிடும், புழு கூடப் பச்சையாக அழகாக இருக்கும். நெகட்டிவ் அப்படியில்லை, எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லும். நம்மைத்தான் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்ளச் சொல்லும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சிங்கப்பூர் சித்தப்பா கொடுத்த கேமரா, அதை அண்ணன் தவிர யாரும் தொடக் கூடாது. ரோல் மாட்டும்போது அண்ணன் டவுன் வீட்டு நடு அறையில் கதவைச் சாத்திக்கொள்வான், பூஜை அறையில் கூட அவ்வளவு பயபக்தி கிடையாது. மாட்டும்போது பிலிமின் நுனியில் வெளிச்சம் பட்டுவிடும், அந்த நுனி வீண், அதில் படம் விழாது, அதனால் மூடியதும் ஒன்றிரண்டு வெறும் கிளிக் அடித்துத் தள்ளிவிட வேண்டும், பிறகுதான் ஒன்று என்று எண்ணிக்கை ஆரம்பம். அந்த வெறும் கிளிக் எனக்கு. "செம்பா, வாட்டி, உன் கிளிக்கு" என்று கூப்பிடுவான். தெருவில் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காத பாக்கியம். சுவரைப் பார்த்து அடிப்பேன், கொடியில் காய்கிற பாவாடையைப் பார்த்து அடிப்பேன், காக்காவைப் பார்த்து அடிப்பேன், ஒன்றும் விழாது என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் ஒரு கண்ணை மூடி மூச்சைப் பிடித்து, பெரிய படம் எடுக்கிறவள் மாதிரித்தான் அடிப்பேன். அப்புறம் கேமராவை வாங்கிக்கொண்டு போய்விடுவான், அடுத்த ரோல் வரைக்கும் நான் யாரோ. எத்தனையோ ரோல், எத்தனையோ வெறும் கிளிக், எல்லாம் சுவர், எல்லாம் வெள்ளை. ஒன்றே ஒன்றில் அம்மா வந்தாள். ஆட்டுரலில் மாவாட்டிக்கொண்டிருந்தவளை அண்ணன் நல்ல சேலை கட்டிக்கொண்டு வரச்சொல்லி அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். அம்மாவுக்குப் படம் என்றாலே மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்க நிறுத்திய மாதிரி, உடம்பெல்லாம் விறைத்து உதடு ஒட்டிவிடும். நில்லுலே, மாவை வழிச்சுட்டு வாரேன் என்று சொல்ல முற்றத்துக்கு வந்தவள் பக்கம் நான் கேமராவோடு திரும்பி, யம்மா இங்க பாரு என்றேன். அண்ணன் ஏதோ சொன்னான், என்ன சொன்னான் என்பது எனக்கு அழிந்துவிட்டது. அம்மா சொன்னது மட்டும் அழியவில்லை. "அவ அடிக்கட்டும்லே. அதுலதான் படம் விழாதுல்லா." சொல்லிக்கொண்டே சிரித்தாள். விழாத படத்துக்கு எதற்கு விறைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அதனால் சிரித்தாள். நான் அடித்தேன்.

ஸ்கேனர் ஒரு பட்டையை முடித்துவிட்டு மூச்சுவிடுகிற மாதிரி ஒரு சத்தம் போடுகிறது. சித்தப்பா, சித்தப்பா, தேர், ரயில் நிலையத்தில் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு. அடுத்த பட்டை. ரப்பர் பந்தால் ஊது, சட்டத்தில் வை, மூடு. பத்து வயதில் நடந்தது உனக்கு எப்படி இவ்வளவு துல்லியமாக ஞாபகமிருக்கிறது, செண்பகவல்லி? மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டியே நீயே ஒரு படம் தயாரித்துவிட்டாயோ? அம்மா சொன்ன அந்த ஒரு வரி, அதை அவள் வேறொரு நாளில் வேறொரு கிளிக்குக்குச் சொல்லியிருந்தால்? சுவரைப் பார்த்து நான் அடித்த கிளிக்குக்குச் சொல்லியிருந்தால்? அண்ணன் கதைதான் ஊரறிந்த கதை. அவன் சொல்லும்போது எனக்கே நம்பத் தோன்றும். அம்மா விறைச்சுக்கிட்டு நிக்கா, நான் அவசரப்படலை, காத்திருந்தேன், சட்டுனு ஒரு வேடிக்கைப் பேச்சு பேசுனேன், சிரிச்சா பாருங்க, அந்த நொடியில அமுக்குனேன். ஜங்ஷன் ஸ்டூடியோக்காரர் பிரிண்டைக் கொடுக்கும்போது, யார் எடுத்தது, நல்ல கை என்றாராம். அந்த ரோலில் மற்றதெல்லாம் அண்ணன் எடுத்தது, இதுவும் அவன்தான் என்று அவனுக்கே சந்தேகமில்லை. நல்ல கை என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் போதாதா, அதற்குப் பிறகுதான் அவன் காலெண்டருக்குப் படமெடுத்தது, போட்டோ கிளப், பரிசு, கல்லூரிப் பிள்ளைகளுக்கு வகுப்பு, எல்லாம். அந்த ஒரு படத்தின் மேல் கட்டிய வீடு. அம்மா போன அன்றைக்கு மாலை போட்டு வைத்திருந்த படத்தைப் பார்த்து வந்தவர்களெல்லாம், பிள்ளை எடுத்த படமாம், பெத்தவ என்னமா சிரிக்கா பாருங்க என்றார்கள். நான் காப்பித் தட்டோடு நின்றவள், அது நான் எடுத்தது என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கூடத்தில் இழவு வீடென்றும் பாராமல் சிரித்தார்கள். நீ அப்ப மூக்கு ஒழுகுன பிள்ளைல்லா என்றாள் பெரியம்மா. அண்ணன் என் தலையைத் தடவிக்கொடுத்தான், அழுகையில் ஏதோ உளறுகிறாள் என்று. அந்தத் தடவல் இன்றைக்கும் உச்சந்தலையில் எரிகிறது.

எடுத்தது யார் என்பதில் என்ன இருக்கிறது என்று இவர் ஒருநாள் கேட்டார். பூச்சிக்குப் பெயர் வைப்பதற்குச் சண்டை போடுகிற இலாகாவில் இருந்தவர் கேட்கிற கேள்வியா இது. எடுத்தது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கேமராவுக்குப் பின்னால் யார் நின்றார்களோ அவர்களைப் பார்த்துத்தானே அம்மா சிரித்தாள். அண்ணன் நின்றான் என்றால் அது அவனுக்குச் சிரித்த சிரிப்பு, மூத்தவன், ஆண்பிள்ளை, அவனுக்கு ஒரு அதிகப்படித் தோசை எப்போதும் உண்டு, அதோடு இந்தச் சிரிப்பும் சேர்ந்துவிடும். நான் நின்றேன் என்றால், எனக்கு. தோசையெல்லாம் அவன் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு அந்தச் சிரிப்பு ஒன்று போதும். அம்மாவிடமே கேட்டுப் பார்த்தேன், கடைசிக் காலத்தில், கால் பிடித்துவிடும்போது. "யம்மா, நீ சிரிக்கியே அந்தப் படம், அதை எடுத்தது யாரு?" கண்ணைத் திறக்காமலே சொன்னாள், "எந்தப் படம்? யாராது ஒரு ஆள் எடுத்திருப்பிய. ரெண்டு பேரும் எம்பிள்ளையதான." அதுதான் அம்மா. ஒரு ஆளுக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டால் இன்னொரு ஆள் வருத்தப்படுமே என்று, தெரிந்தும் சொல்ல மாட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிடித்த காலை இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

இதென்ன, இந்தப் பட்டையின் ஒரு முனை வளைவாக நறுக்கியிருக்கிறது. முனையிலிருந்து கொஞ்ச தூரம் தார் பூசின மாதிரி ஒரே கறுப்பு, ஒரு துளி வெளிச்சம் தாண்டவில்லை. வெளிச்சம் பட்ட நுனி. ரோலின் தலை. ஜன்னலுக்கு நேரே பிடிக்கிறேன், இரு, இரு. கறுப்பு முடிகிற இடத்தில் ஒரு கட்டம், அதில் ஒரு முகம். வெள்ளை முடி. வாய் திறந்திருக்கிறது, பல் அத்தனையும் கறுப்பு, கண்ணிருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் குழி. அம்மா கடைசியில் படுத்திருந்தபோது இப்படித்தான், தலை நரைத்து, வாய் திறந்து, நான் பஞ்சை நனைத்து நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டு. பத்து வயதில் நான் எடுத்த படத்துக்குள் அந்த முகம் அப்போதே போய் உட்கார்ந்துகொண்டதா. இல்லை, இது மாற்றிச் சொல்கிறது, நெகட்டிவ் அவ்வளவுதான், கறுப்பை வெள்ளை என்று சொல்கிறது, சிரிப்பை வேறெதுவோ என்று சொல்கிறது. நம்பாதே. ஓரத்தில் எண் இருக்குமே, பூதக்கண்ணாடி எங்கே, இவர் பூச்சி பார்க்கிற பூதக்கண்ணாடி. அடுத்த கட்டத்துக்குக் கீழே ஒன்று. அதற்கடுத்து இரண்டு. அம்மாவுக்குக் கீழே ஒன்றுமில்லாத சுழி. ஒன்றுக்கு முன்னால், எண்ணிக்கை ஆரம்பிக்கிறதற்கு முன்னால். வெறும் கிளிக்! என் கிளிக்! "என்னட்டி சத்தம்?" என்கிறார் இவர். "ஒண்ணுமில்ல, பல்லி" என்கிறேன்.

ஆனால் அண்ணனை எனக்குத் தெரியும். சுழியா, இருக்கட்டுமே, ஒருதரம் வெறும் கிளிக்கையும் நான்தான் அமுக்கியிருப்பேன் என்பான். சுழியில் கைரேகையா இருக்கிறது. எண்ணை மலரில் போடவும் முடியாது. படத்தைப் போட்டுப் பார்த்துவிடுவோம், ஊதி, சட்டத்தில் வைத்து, மூடி, ப்ரிவ்யூ. வெளிச்சம் மூடிக்குள் மெதுவாக ஊர்ந்து போகிறது, கீழேயிருந்து மேலே, நான் அதோடு சேர்ந்து ஊர்கிறேன். திரையில் வந்தது. யார் இது? சிரிக்கிறாள், ஆனால் அம்மா இல்லை. மூக்கு அம்மா மாதிரி, வகிடு எங்கேயோ போகிறது, ஏதோ ஒன்று தப்பு, பெரியம்மாவா, அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை யாராவதா, இத்தனை வருஷமும் சுவரில் இருந்தது வேறு, இது வேறா? அப்புறம்தான் முந்தானை கண்ணில் பட்டது. வலது தோளில் கிடக்கிறது. அம்மா எந்தக் காலத்தில் வடநாட்டுக்காரி மாதிரி வலது தோளில் போட்டாள். அட மடச்சி, பிலிமின் பளபளப்புப் பக்கத்தை மாற்றி வைத்து இடத்தை வலமாக்கியிருக்கிறாய், மங்கல் பக்கம் அல்லவா அந்தப் பக்கம் இருக்க வேண்டும். பூச்சிச் சிலைடில் இந்தத் தப்பு செய்தால் யாருக்கும் தெரியாது, புகையானுக்கு இடது வலது கிடையாது. அம்மாவுக்கு உண்டு. திருப்பி வைத்தேன், மறுபடி ஊதினேன், மறுபடி வெளிச்சம் ஊர்ந்தது, முந்தானை இடது தோளுக்கு வந்தது, அம்மா அம்மாவாக வந்தாள்.

வந்தாள், ஆனால் சுவரில் இருப்பது போலவே வந்தாள். மார்பளவுக்கு, ஒடுக்கமாக, அதே சிரிப்பு, அதே ஓரம். இதிலே என்ன இருக்கிறது, இதைத்தான் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே. நாற்காலியில் சாய்ந்துவிட்டேன், வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிகிறது. அவ்வளவுதான், அனுப்பிவிட வேண்டியதுதான், எனக்காகச் சிரித்த என் தாய், படம் தி. ஆவுடையப்பன், நல்லா இருக்கு தாயி. பட்டையை எடுக்க மூடியைத் தூக்கினேன். எடுக்கவில்லை. சட்டத்துக்குள் கிடக்கிற கட்டம் அகலமாக இருக்கிறது. திரையில் வந்தது ஒடுக்கமாக இருக்கிறது. அகலமானது எப்படி ஒடுங்கும்? இந்த இயந்திரம் தானாக ஓரம் கண்டுபிடித்து வெட்டுகிற சாமர்த்தியசாலி, வெளிச்சம் பட்ட இடத்தைப் பார்த்து, இது படமில்லை, கழிவு என்று கழித்துவிடுகிறது. அந்தக் காலத்தில் ஜங்ஷன் ஸ்டூடியோக்காரரும் இதைத்தான் செய்திருப்பார், வெள்ளையடித்துப்போன பக்கத்தை வெட்டி, நல்ல பாகத்தை மட்டும் பிரிண்டு போட்டு, நல்ல கை என்று பாராட்டும் கொடுத்திருப்பார். வெட்டினதில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். தானாக ஓரம் காணும் கட்டளைக்குப் பக்கத்தில் ஒரு டிக் இருக்கிறது, அதை எடு. எடுத்தேன். முழுக் கண்ணாடியையும் காட்டு என்றேன். உன் புத்திசாலித்தனம் எனக்கு வேண்டாம், உள்ளது உள்ளபடி காட்டு.

வெளிச்சம் ஊர்கிறது. எனக்குத் தெரிந்த சாமியெல்லாம் நெல்லையப்பரில் ஆரம்பித்து வரிசையாக வருகிறது. முதலில் வலது பக்கம், முற்றத்துச் சுவர், கொடியில் என் பாவாடை, பூப்போட்ட பாவாடை, அதை நான் மறந்தே போயிருந்தேன். அப்புறம் அம்மா, மார்போடு நிற்கவில்லை, இடுப்பு வரைக்கும் வருகிறாள், இரண்டு கையும் மணிக்கட்டு வரை மாவு, முகத்தில் விழுந்த முடியை முழங்கையால் தள்ளப்போனவள் தள்ளாமல் சிரிக்கிறாள். நல்ல சேலை கட்டவில்லை. மாவாட்டுகிற நைந்த சேலை. படம் விழும் என்று தெரிந்திருந்தால் இந்தச் சேலையோடு வந்து நின்றிருப்பாளா, அண்ணன்தான் எடுக்க விட்டிருப்பானா. அதற்கும் இடது பக்கம் வெள்ளை, வெளிச்சம் பட்டு எரிந்துபோன வெள்ளை, ஆனால் ஒரேயடியாக எரியவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக, அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு வருகிறது. கை! ஐந்து விரலையும் விரித்து, நேரே என்னைப் பார்த்து, கேமராவைப் பிடுங்க வருகிற கை, மணிக்கட்டில் வாட்ச். அப்பா ஆபீசில் இருக்கிற நேரத்தில் எங்கள் வீட்டில் வாட்ச் கட்டிய கை ஒன்றே ஒன்றுதான். திரையில் வெளிச்சம் குறைக்கிற குமிழை இழுக்கிறேன், இன்னும் இழுக்கிறேன், வெள்ளை சாம்பலாகிறது, சாம்பலுக்குள் ஒரு காது, அரும்பு மீசை, அகலத் திறந்த வாய். அண்ணன். பதினெட்டு வயது அண்ணன், என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டு, படத்துக்குள்ளே. கத்தியது என்னவென்று இப்போது காதில் விழுகிறது, தெள்ளத்தெளிவாக விழுகிறது, ஏட்டி, சுவத்தைப் பாத்து அடி! படத்துக்குள் நிற்கிறவன் படத்தை எடுத்திருக்க முடியுமா, சொல்லுங்கள், கூடத்தில் சிரித்தவர்களெல்லாம் வந்து சொல்லுங்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமல் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறேன், கோல் போட்டவன் மாதிரி.

காந்திமதிக்கு அனுப்பவில்லை. அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தை எழுதவில்லை, படம் மட்டும். பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில்தான் தோன்றியது, எழுபது வயது மனுஷன், நாளை மறுநாள் மாலையும் கழுத்துமாக உட்காரப்போகிறவன், அவன் கட்டிய வீட்டின் அடியிலிருந்து ஒரு கல்லை உருவிவிட்டோமோ என்று. உருவினால் என்ன, என் கல். இல்லை, இருந்தாலும். போன் அடித்தது.

"ஏட்டி செம்பா."

"சொல்லுங்கண்ணே."

"அந்தக் கை..."

"வாட்சைப் பாருங்க."

"அப்பா வாங்கித்தந்த வாட்சுல்லா இது. வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கேன். என்னட்டி சொல்லுதேன்?"

"சுவத்தைப் பாத்து அடிங்கிய."

"ஆமா. ஆமாட்டி. சொன்னேன். ரோலு வீணாப் போயிருமோன்னு..." நிறுத்திவிட்டான். பிறகு குரல் வேறு மாதிரி வந்தது. "அப்பம் நான் காலேஜ் பிள்ளையளுக்கு வகுப்பெல்லாம் எடுத்தேனே. இந்தப் படத்தைக் காட்டி, ஆளை எப்படிச் சிரிக்க வைக்கணும்னு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இனிமேயும் எடுங்க. கேமராவுல பிலிம் இல்லைன்னு சொன்னாச் சிரிப்பாங்கன்னு சொல்லிக்குடுங்க."

அவனும் சிரித்தான், இருமலோடு. அது ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னான், "செம்பா, அம்மாகூட நான் நிக்க படம் ஒண்ணுகூட இல்லட்டி. எல்லாத்தையும் எடுத்தது நானு, நான் எங்கன இருந்து இருப்பேன். தேடித் தேடிப் பாத்துட்டேன், மலருக்குப் போட ஒண்ணு கெடைக்கல. இதுல இருக்கேன்." மூக்கை உறிஞ்சினான். "வெட்டாமப் போடச் சொல்லுதேன். என் மூஞ்சி எப்படி இருந்தாலும் சரி. பேரையும் மாத்தச் சொல்லுதேன். படம் செண்பகவல்லி, கத்துறது ஆவுடையப்பன். சரியா?"

"வயசையும் போடச் சொல்லுங்க" என்றேன். "பத்து."

போனை வைத்துவிட்டு மின்விசிறியைப் போட்டேன். தூசி உட்காரட்டும், இன்றைக்கு அதற்கும் பண்டிகை. பட்டையிலிருந்த அடுத்த கட்டத்தையும் பார்த்தேன், ஒன்று என்று எண் போட்டது, அண்ணன் எடுத்த அசல் படம். நல்ல சேலை, நனைத்து வாரிய தலை, ஒட்டிய உதடு, எக்ஸ்ரே. பாவம், நல்ல படம்தான். திரும்பவும் சுழிக்கு வந்தேன். சுவரில் உயரத்தில் மாட்டியிருந்ததால் அம்மா கொஞ்சம் கீழே குனிந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இங்கே மேஜை மேல், என் முகத்துக்கு நேரே, இப்போதும் அப்படித்தான் பார்க்கிறாள். அண்ணன் அப்போதே அவளைவிட ஒரு சாண் உயரம், அவனைப் பார்க்க அவள் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையைப் பார்க்கத்தான் குனிய வேண்டும். கூடத்தில் எல்லார் கண்ணுக்கு முன்னாலும் அவள் குனிந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள், ஒருத்தரும் கவனிக்கவில்லை, நானும்தான். காற்று வந்ததும் இவர் வந்துவிட்டார், கையில் சிலைடுப் பெட்டி, புகையானுக்கு நேரம் வந்துவிட்டதாம். திரையைப் பார்த்ததும் நின்று, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"அத்தை யாரைப் பாத்து இப்படிச் சிரிக்காவ?" என்றார்.

"என்னையத்தான்" என்றேன்.